ஒரே குழி, இரண்டு சாம்பிள்: 62 சதவீதமா, 9 சதவீதமா?

#1 வாலிநோக்கம் பையன்

எல்லோருக்கும் வணக்கம். வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சாயல்குடிக்குக் கிழக்கே கடலை ஒட்டிய ஊர். மார்கழி வாடை அடித்து ஓய்ந்த பிறகு எங்கள் கரையில் அலை ஏறி நிற்கிற கோட்டை ஒட்டி மை கொட்டியதுபோல் கருமணல் வரி வரியாகக் கிடக்கும். இந்த வருஷம் கொஞ்சம் அதிகம். டீக்கடையில் "நம்ம கரையில டைட்டானியம் கொட்டிக் கிடக்கு, கம்பெனி வரப்போகுது" என்று பேச்சு, வலைக்காரர்களுக்கு அதனால் ஒரே பயம். சரி, அளந்தாவது பார்ப்போம் என்று இறங்கினேன்.

கருப்பாக இருந்த இடத்தில் ஒரு கை அள்ளிக் காயவைத்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தால் பிரித்து, கல்லூரித் தராசில் நிறுத்தேன். 62.418 சதவீதம் கருப்பு. நண்பன் அதே இடத்தில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டி ஒரு பை எடுத்தான், அவனுக்கு 9.03 வந்தது. தராசு மூன்று தசம இடம் காட்டும், போன மாதம்தான் சரிபார்த்தார்கள். மூன்று முறை நிறுத்தும் அதே எண்தான். ஒரே குழி, இரண்டு பேர், ஏழு மடங்கு வித்தியாசம். எங்கே தப்பு? இதில் எதை நான் ஊரில் சொல்வது?

#2 உலைமேடு

தம்பி, தராசை விடுங்கள், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம். நீங்கள் அளந்தது ஒன்று, நண்பர் அளந்தது வேறொன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே இரண்டு சென்டிமீட்டர் கருப்புப் படிவு, அதில் 60 சதவீதம். அதற்குக் கீழே சாதாரண மணல், அதில் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பை மட்டும் அள்ளினால் 60. ஒரு சாண், அதாவது 20 சென்டிமீட்டர் சேர்த்து எடுத்தால் கிட்டத்தட்ட 8. கருமணல் கனம் கூடுதல் என்பதால் எடைக்கணக்கில் இன்னும் கொஞ்சம் ஏறி உங்கள் நண்பரின் 9 வந்துவிடும். ஒரு மீட்டர் ஆழம் எடுத்தால் 3 சொச்சம். மணல் ஒன்றுதான், "எதனுடைய சராசரி வேண்டும்" என்பதை நீங்கள் முடிவு பண்ணவில்லை. அதை முடிவு பண்ணாமல் எடுத்த சாம்பிளை எத்தனை தசமத்துக்கு நிறுத்தாலும் பயனில்லை.

அந்தக் கருப்பு வரியே கடல் சலித்து வைத்ததுதான். வெண்மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. இல்மனைட் என்ற டைட்டானியத் தாது 4.7, சிர்க்கான் 4.6-க்கு மேல், கார்னெட் 4 பக்கம். அலை ஏறும்போது எல்லாவற்றையும் தூக்கி வருகிறது, இறங்கும்போது லேசானதை மட்டும் இழுத்துக்கொண்டு போகிறது, கனமானது அங்கேயே தங்கிவிடுகிறது. நீங்கள் கண்ணுக்குக் கருப்பாகத் தெரிந்த இடத்தில் கை வைத்தீர்கள், அங்கேயே சாம்பிள் சாய்ந்துவிட்டது.

இன்னொன்று. கருப்பு எல்லாம் டைட்டானியம் இல்லை. சாதாரண ஸ்பீக்கர் காந்தம் நன்றாக இழுப்பது மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவைத்தான். இல்மனைட்டுக்குக் காந்த ஈர்ப்பு குறைவு, அதற்கு நியோடிமியம் காந்தம் வேண்டும், அது கார்னெட்டையும் கூடவே இழுக்கும். காந்தத்தில் கொத்தாக ஒட்டும்போது நடுவில் வெண்மணலும் மாட்டிக்கொண்டு வரும். முழுக்க முழுக்கச் சுத்தமான இல்மனைட்டிலேயே டைட்டானியம் உலோகம் 31.6 சதவீதம்தான். ஆகவே 62 என்ற எண்ணை டைட்டானியம் என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து.

#3 மிளகாய் மண்டி

எனக்குக் கனிமம் தெரியாது, ஆனால் சாம்பிள் தெரியும். முண்டு மிளகாய் வாங்கி விற்கிறோம். ஒரு சாக்கில் கைவிட்டால் ஒரு தரம், அடுத்த சாக்கில் வேறு தரம். அதனால் பத்து சாக்கில் கைவிட்டு மொத்தமாகப் பார்ப்போம். தம்பியும் பத்து இடத்தில் அள்ளிச் சராசரி போட்டால் முடிந்தது, இதற்கு ஏன் இவ்வளவு பெரிய பேச்சு?

#4 உலைமேடு

அண்ணாச்சி, பாதி சரி. பத்து சாக்கிலும் வாயிலேயே கைவிட்டால் என்ன கிடைக்கும்? ஈரம் காய்ந்த மேல் மிளகாய் பத்துக் கை. அடியில் இருக்கிற சண்டும் விதையும் தூசியும் பத்திலும் வராது. பத்து முறை எடுத்ததால் ஒரே பொய்யைப் பத்துப் பேர் சொன்ன மாதிரி ஆகும், சராசரியும் அதையேதான் சொல்லும்.

தப்பு இரண்டு வகை. ஒன்று, சும்மா ஏறி இறங்குவது. ஒரு முறை கூட, ஒரு முறை குறைய. இது எண்ணிக்கை கூடக் கூடக் குறையும், ஆனால் மெதுவாக: தடுமாற்றம் பாதியாக வேண்டுமானால் சாம்பிள் நாலு மடங்கு வேண்டும். இன்னொன்று, ஒரே பக்கம் சாய்வது. அது ஆயிரம் எடுத்தாலும் குறையாது. எடுக்கிற முறையை மாற்றினால்தான் போகும். பதினெட்டு வருஷம் லேபில் உட்கார்ந்து நான் பார்த்த சண்டையில் முக்கால்வாசி இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வந்தது.

நான் பார்த்தது தங்கம், கர்நாடகப் பக்கம். சொந்த ஊர் தொண்டி, அப்பா கோலாருக்குப் பிழைக்கப் போனவர். அந்தச் சுரங்கம் 2001-இல் மூடியபோது எங்கள் லைன் வீடுகளில் அடுப்பு எரியாத நாட்கள் உண்டு. அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

தங்கத்தில் இந்த விஷயம் நெஞ்சை அடைக்கும். ஒரு டன் பாறையில் 3 கிராம் தங்கம் என்று வையுங்கள். அதாவது ஒரு கிலோவில் 3 மில்லிகிராம். அந்தத் தங்கம் ஒரு மில்லிமீட்டர் உருண்டைகளாக இருந்தால், தங்கத்தின் அடர்த்தி 19.3, ஒரு உருண்டை கிட்டத்தட்ட 10 மில்லிகிராம். அப்படியென்றால் மூன்றரைக் கிலோ பாறைக்கு ஒரே ஒரு உருண்டை. தங்கம் எவ்வளவு என்று உருக்கிப் பார்க்க உலையில் நாங்கள் வைப்பதோ 30 கிராம் பொடி. நூற்றுப் பத்துத் தடவை வைத்தால் ஏதோ ஒரு தடவை அந்த உருண்டை விழும், அன்றைக்கு ரிப்போர்ட்டில் டன்னுக்கு 337 கிராம் என்று வரும். மற்ற நூற்றுச் சொச்சம் தடவையும் பூஜ்யம். 3 என்ற உண்மையான எண் ஒரு தடவைகூட வராது! சுரங்க மேலாளர் லேபுக்கு வந்து கத்துவார், நேற்றுப் பூஜ்யம் என்றாய், இன்று 337 என்கிறாய் என்று. உலையில் தப்பே இல்லை.

அதே தங்கத்தை 0.1 மில்லிமீட்டராக அரைத்துவிட்டால் 30 கிராமில் சுமார் ஒன்பது துகள் விழும். ஒரு தடவை ஆறு, ஒரு தடவை பன்னிரண்டு. மூன்றில் ஒரு பங்கு ஆடும், ஆனால் கையில் பிடிக்கிற எண். இதைத்தான் பியர் கீ என்ற பிரெஞ்சுக்காரர் 1950-களில் சூத்திரமாக எழுதினார். இளவயதில் காங்கோவில் ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 2015-இல் காலமானார். அவர் சொன்னதில் மனதில் நிற்க வேண்டியது இது: தடுமாற்றத்தின் வர்க்கம் துகள் அளவின் கனத்தோடு, அதாவது மூன்று முறை பெருக்கிய அளவோடு ஏறும். பத்து மில்லிமீட்டர் ஜல்லியிலிருந்து எடுக்கிற சாம்பிள், ஒரு மில்லிமீட்டர் பொடியிலிருந்து எடுக்கிற ஒரு கிலோவுக்கு இணையாக நம்பகமாக இருக்க, மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால் ஆயிரம் கிலோ வேண்டும். அதனால்தான் முதலில் நொறுக்கு, பிறகு பிரி, மறுபடி அரை, மறுபடி பிரி என்ற வரிசை. நொறுக்காமல் பிரித்தால் அந்த இடத்திலேயே உண்மை போய்விடும், பிறகு எந்த உலையும் அதைத் திருப்பித் தராது.

#5 தங்கச்சிமடம் அக்கா

உலைமேடு ஐயா சொன்னதை அப்படியே நான் துறைமுகத்தில் பார்க்கிறேன். தூத்துக்குடிப் பக்கம் பதினான்கு வருஷமாகக் கப்பல் சரக்குக்குச் சாம்பிள் எடுக்கிற வேலை. தாமிரத் தாதுப்பொடி வந்துகொண்டிருந்த காலத்தில் நடந்தது இது.

பத்தாயிரம் டன் சரக்கு. விற்றவர் பக்கத்து எண்ணும் வாங்கியவர் பக்கத்து எண்ணும் 0.3 சதவீதம் தாமிரம் வித்தியாசம். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் பத்தாயிரம் டன்னில் அது 30 டன் தாமிரம். டன் 9,000 டாலர் என்று வைத்தால் 2,70,000 டாலர். இரண்டு லேபும் ஒன்றையொன்று குறை சொன்னது. கடைசியில் பார்த்தால் லேபில் ஒன்றுமில்லை. லாரி மேலே ஏறி நின்று கைக்கரண்டியால் மேலாக அள்ளிய ஒரு பையன்தான் காரணம். லாரி குலுங்கிக் குலுங்கி வரும்போது நைசான பொடி அடிக்குப் போய்விடும், கட்டி மேலே நிற்கும். அவன் எடுத்தது முழுக்கக் கட்டி. அவன்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது, வெயிலில் நாலு மணி நேரம் நிற்கிறான், யாரும் அவனுக்கு ஏன் என்று சொல்லித் தரவில்லை. சம்பளம் அதிகம் வாங்குகிற எல்லோரும் ஏசி அறையில் கருவி பக்கத்தில் இருந்தார்கள்.

ஈரம் இன்னொரு தொல்லை. பணம் காய்ந்த எடைக்குத்தான். சாம்பிள் பையை உடனே கட்டி முத்திரை வைக்காமல் வெயிலில் அரை மணி வைத்தால் ஈரம் பறந்துவிடும், அப்போது சரக்கே காய்ந்தது என்று கணக்கு வரும், விற்றவருக்கு லாபம்.

சரியான வழி பெல்ட் முனையிலிருந்து சரக்கு விழும்போதே முழு அகலத்தையும் குறுக்காக வெட்டி எடுப்பது. வெட்டுகிற வாயின் அகலம் மிகப் பெரிய துண்டைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும், வேகம் நொடிக்கு 0.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. வேகமாக ஓடினால் பெரிய துண்டு வாயில் பட்டுத் தெறித்து வெளியே போய்விடும். இது எதுவும் ரகசியம் இல்லை. ஆனால் லாரி மேல் கரண்டிதான் சுலபம், அதனால் அதுதான் நடக்கிறது.

#6 துளைக்கம்பி

இவ்வளவும் பழைய காலத்துக் கவலை. இப்போது எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கிற கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி வந்துவிட்டது. கருவியைப் பாறையில் வைத்து விசையை அழுத்தினால் முப்பது நொடியில் எத்தனை சதவீதம் என்று திரையில் வரும். உலையும் வேண்டாம், சாம்பிளும் வேண்டாம்.

#7 உலைமேடு

வேண்டாம் என்று சொல்லாதீர்கள் தம்பி. அந்தக் கருவி நல்ல கருவி, நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அது பார்க்கிற வட்டம் ஒரு சென்டிமீட்டருக்குள், ஆழம் மில்லிமீட்டர் கணக்கிலோ அதற்கும் கீழேயோ. அதாவது நீங்கள் விசையை அழுத்தின இடமே உங்கள் சாம்பிள், எடை ஒரு கிராம்கூட இராது. அந்த ஒரு கிராமை எங்கே வைத்தீர்கள்? கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்த இடத்தில்தானே? வாலிநோக்கம் தம்பி கருப்பைப் பார்த்துக் கைவைத்த கதைதான் இதுவும். திரையில் எண் பளிச்சென்று வருவதால் நம்பிக்கை மட்டும் கூடுகிறது. பொடியாக்கி, கலந்து, பிரித்து, அதன்மேல் வைத்துப் பாருங்கள், அப்போது அதன் அருமை தெரியும்.

#8 கீழக்கரை காக்கா

கனிமத்துக்கும் எனக்கும் தூரம், ஆனால் இதைப் படிக்கும்போது எங்கள் முன்னோர் நினைவு வந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எடுத்த எடுப்பில் ஆளை இறக்க மாட்டார்கள். முதலில் முத்துப் பாரிலிருந்து, அதாவது கடலடியில் முத்துச்சிப்பி விளைகிற திட்டிலிருந்து, சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைச் சலித்துத் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று மதிப்புப் போடுவார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் அந்த வருஷம் குளிக்கலாமா வேண்டாமா என்று முடிவு. எங்கள் ஊர் முக்குளிப்பவர்கள் இலங்கைக் கரை வரைக்கும் போனவர்கள்.

நான் கேட்பது இதுதான். பெரும்பாலான சிப்பியில் ஒன்றும் இருக்காது, இல்லையென்றால் தூள் முத்து. மதிப்பெல்லாம் எங்கோ கிடைக்கிற நாலைந்து பெரிய முத்தில்தான். ஆயிரம் சிப்பியில் அந்தப் பெரிய முத்து ஒன்று வந்தாலும் வராவிட்டாலும் மதிப்பு தலைகீழாக மாறுமே. உலைமேடு ஐயா சொன்ன அந்த 337 கிராம் கதையும் இதுவும் ஒன்றுதானா?

#9 உலைமேடு

காக்கா, அப்படியே ஒன்றுதான்! இதைவிட நல்ல உதாரணம் நான் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. அதற்கு நாங்கள் செய்வதையும் சொல்கிறேன். தங்கம் பெரிய துகளாக இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் ஒரு கிலோ பொடியை எடுத்து 106 மைக்ரான் சல்லடையில் சலிப்போம். மேலே நிற்கிற கரடு முழுவதையும், ஒரு சிட்டிகை மிச்சமில்லாமல், உலையில் வைப்போம். கீழே இறங்கிய நைசிலிருந்து இரண்டு சாம்பிள் எடுப்போம். பிறகு எடைப்படி கூட்டுவோம். பெரிய முத்தை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் தனியாக எண்ணிவிடுவது மாதிரி.

உலை வேலை நம் ஆசாரிகள் புடம் போடுவதுதான், அளவு மட்டும் நுணுக்கம். மிருதாரசிங்கி (ஈய ஆக்சைடு), வெண்காரம், சோடா கலந்து உருக்கினால் ஈயம் தங்கத்தையும் வெள்ளியையும் சேர்த்துக்கொண்டு அடியில் இறங்கும். அந்த ஈயக்கட்டியைச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றினால் ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும், குண்டூசித் தலையளவு வெள்ளி மணி நிற்கும். திராவகத்தில் வெள்ளி கரைந்தால் மிஞ்சுவது தங்கம். முதல் தடவை அந்த மணி கடைசியாகப் பளிச்சென்று மின்னி அடங்குவதைப் பார்த்தபோது நான் சாப்பாட்டை மறந்து நின்றேன்.

இதில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை நல்ல வளமான ரீஃப் கல், அதாவது தங்கம் ஓடுகிற கல், நொறுக்கிய தாடை இயந்திரத்தைத் துடைக்காமல் அடுத்து வெறுங்கல் சாம்பிளைப் போட்டுவிட்டார்கள். பல் இடுக்கில் ஒட்டியிருந்த தூள் போதும், வெறுங்கல்லில் டன்னுக்கு 4 கிராம் என்று வந்தது. அதை நம்பி இரண்டு வாரம் அந்த இடத்தில் துளை போடத் திட்டம் போட்டார்கள். கையெழுத்துப் போட்டவன் நான். அன்றிலிருந்து ஒவ்வொரு வளமான சாம்பிளுக்குப் பிறகும் ஒரு வெறுங்கல்லை அரைத்துத் தள்ளி, அந்த வெறுங்கல்லையும் சோதித்துப் பார்ப்பதை வழக்கமாக்கினேன்.

#10 துளைக்கம்பி

ஒப்புக்கொள்கிறேன் ஐயா, நான் அவசரப்பட்டுவிட்டேன். இந்தோனேசியாவில் இல்லாத தங்கத்தை இருப்பதாகக் காட்டிய கதையும் இப்படித்தானா? தெரியாமல் தூள் கலந்தது?

#11 தங்கச்சிமடம் அக்கா

பிரி-எக்ஸ் என்ற கனடா சுரங்கக் கம்பெனியைப் பற்றிக் கேட்கிறீர்கள். அது தெரியாமல் நடந்தது இல்லை. காலிமந்தானில் புசாங் என்ற இடம், 1997-இல் வெடித்தது. நொறுக்கிய சாம்பிள் பைகளில் வெளித்தங்கத்தைக் கலந்திருந்தார்கள். அந்தத் துகள்கள் ஆற்றுத் தங்கம்போல் உருண்டு வழுவழுப்பாக இருந்தன. லேப் நேர்மையாகத்தான் அளந்தது, பையில் இருந்ததை அளந்தது. வழக்கமாகத் துளையில் வருகிற கல் உருளையை நெடுக்கே இரண்டாக அறுத்து, பாதியைச் சோதனைக்கு அனுப்பி மறுபாதியைப் பெட்டியில் பத்திரமாக வைப்பார்கள். அங்கே முழுவதையும் நொறுக்கிவிட்டார்கள், திரும்பப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. வேறொரு கம்பெனி வந்து பக்கத்திலேயே துளை போட்டபோதுதான் பெரிதாக ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அதற்கப்புறம்தான் கனடாவில் 2001-இல் புது விதிமுறையே வந்தது.

வாலிநோக்கம் தம்பிக்கு இதிலிருந்து ஒன்று: எடுத்ததில் பாதியை எப்போதும் பத்திரமாக வையுங்கள். யாராவது சந்தேகப்பட்டால் மறுபடி அளக்க வேண்டும்.

#12 வாலிநோக்கம் பையன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூன்று நாளாகக் கரைக்குப் போகாமல் வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். என் கையையே முதலில் சோதிப்போம் என்று தோன்றியது.

நன்றாகக் கழுவிக் காயவைத்த வெண்மணல் 950 கிராம், காந்தத்தால் மூன்று முறை சுத்தம் செய்த கருமணல் 50 கிராம். கலந்தால் 5 சதவீதம், இது எனக்குத் தெரிந்த விடை. ஒரு வாளியில் போட்டுக் குலுக்கி, மேலிருந்து கரண்டியால் எடுத்தேன்: 2.1, 1.8, 2.6. மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றன, மூன்றும் தப்பு! விடை தெரியாமல் இருந்திருந்தால் மூன்றும் ஒத்துப்போகிறது என்று சந்தோஷமாக 2 என்று எழுதியிருப்பேன். இது என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது.

அடுத்து, தார்ப்பாயில் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலாகப் பிரித்து எதிரெதிர் கால்பகுதிகளை எடுத்தேன்: 4.3, 5.9. கூம்பின் உச்சி நடுவில் விழாமல் சாய்ந்தால் ஒரு பக்கம் கருப்பு ஓடிவிடுகிறது, கண்ணாலேயே பார்த்தேன்.

கடைசியாக, ஊரில் தகரவேலை செய்கிற சித்தப்பாவிடம் சொல்லி ஒரு பிரிப்புப் பெட்டி செய்தேன். பன்னிரண்டு சந்து, ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர், ஒன்று விட்டு ஒன்று இடப்பக்கமும் வலப்பக்கமும் சரிகிறது. மேலிருந்து பெட்டியின் அகலத்துக்குச் சமமான தட்டால் மெதுவாகக் கொட்டினால் இரண்டு தட்டிலும் பாதி பாதி. 4.9, 5.1, 5.0. சித்தப்பாவே வாங்கிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை கொட்டு என்றார்.

இப்போது கரையில் எப்படி எடுப்பது?

#13 உலைமேடு

தம்பி, இதைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. விடை தெரிந்த கலவையில் தன் கையைச் சோதித்துப் பார்க்க எங்கள் லேபில் பல பேருக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

கரைக்கு இப்படிச் செய்யுங்கள். கருப்பைப் பார்த்து இடம் தேர்வு செய்யக்கூடாது. தண்ணீர் வற்றும் கோட்டிலிருந்து மேட்டு மணல் வரை கயிறு பிடித்து, இருபது மீட்டருக்கு ஒரு இடம் என்று முதலிலேயே குறித்துவிடுங்கள். அந்த இடம் கருப்போ வெள்ளையோ, அதுதான். ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் குழி. குழியிலிருந்து வாரி எடுக்காதீர்கள், சுவர் சரிந்து மேல்மணல் கூடுதலாகச் சேரும். குழி வெட்டி முடித்து, ஒரு சுவரைச் சீவி, அதில் மேலிருந்து அடிவரை ஒரே அகலத்துக்கு, ஒரே ஆழத்துக்கு ஒரு பட்டையாகச் செதுக்கி எடுங்கள். மணல் ஈரமாக இருக்கும்போதே, நிற்கும்.

நல்ல தண்ணீரில் கழுவிய பிறகுதான் நிறுக்க வேண்டும். நம் கரையில் உப்பு காய்ந்து ஒட்டியிருக்கும், அதுவும் எடைதான். கழுவும்போது நைசு போகாமல் தெளியவிட்டு ஊற்றுங்கள். கிளிஞ்சலும் பவளத்தூளும் இங்கே அதிகம். நீர்த்த அமிலத்தில் அதைக் கரைத்தால் மீதியில் கருப்பின் விகிதம் ஏறும், ஆகவே எதன் எடைக்கு எத்தனை என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அமில வேலையைக் கல்லூரி லேபில் ஆசிரியர் முன்னால் மட்டும் செய்யுங்கள். ஐந்து குழிக்கு ஒன்றில் பக்கத்திலேயே இரண்டாவது பட்டை எடுங்கள். இரண்டும் எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ, அதுதான் உங்கள் எண்ணின் உண்மையான தடுமாற்றம். தசம இடங்களை அதைப் பார்த்து வெட்டிவிடுங்கள்.

#14 தங்கச்சிமடம் அக்கா

அளவு சின்னதாக இருக்கட்டும் தம்பி, படிப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. குழியை மூடிவிட்டு வாருங்கள். முதலில் துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கி, வனத்துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பாம்பன் பக்கமிருந்து தூத்துக்குடி வரை 21 தீவும் 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. தாதுமணலில் மோனசைட் என்ற தோரியம் கலந்த கனிமம் இருந்தால் அது அணுசக்திச் சட்டத்துக்குள் வருகிற பொருள். 2013-இல் தமிழ்நாட்டில் தனியார் கம்பெனிகள் கடற்கரைத் தாதுமணல் அள்ளுவதையே நிறுத்தினார்கள். டீக்கடையில் கம்பெனி வருகிறது என்று பேசுகிறவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

#15 மிளகாய் மண்டி

உலைமேடு ஐயா, நேற்று மண்டியில் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டி, கொட்டும்போதே மூன்று தடவை குறுக்கே தட்டு பிடித்து எடுத்தோம். சாக்கு வாயில் எடுத்ததைவிடச் சண்டு நன்றாகவே கூடுதலாக வந்தது. விவசாயிக்கும் எங்களுக்கும் இத்தனை வருஷம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ தெரியவில்லை. இனிமேல் கவிழ்த்துத்தான் பார்ப்போம்.

#16 வாலிநோக்கம் பையன்

கடிதம் கிடைத்தது, வனத்துறையிலும் சொல்லியாயிற்று. ஆசிரியரும் கூட வந்தார். பத்து இடம், கயிறு பிடித்து. முதல் நாள் எட்டு முடித்தோம். என் முதல் கை விழுந்த அந்தக் கருப்பு வரி எந்தக் குறியிலும் வரவில்லை, மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் போய்விட்டது. மனசு அங்கே இழுத்தது, ஆனால் குறியை மாற்றவில்லை. ஆசிரியர் சொன்னபடி அந்த வரியின் நீளம் அகலம் தடிமனை மட்டும் தனியாக அளந்து எழுதியிருக்கிறேன். இரண்டாவது பட்டை மூன்றிலும் எட்டிலும் எடுத்தேன்.

ஊரில் கேட்கிறார்கள், எண் இன்னும் சொல்லவில்லை. எட்டாவது குழியின் பை அடியில் கிழிந்து நைசு கொஞ்சம் சிந்திவிட்டது, வழியெல்லாம் கருப்புக் கோடு. அந்தப் பையை ஒதுக்கிவிட்டேன். நாளைக் காலையில் தண்ணீர் வற்றும்போது எட்டை மறுபடி வெட்டி, ஒன்பதும் பத்தும் முடித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் இங்கே போடுகிறேன்.